சமத்துப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு

கல்யாண வீட்டில் மொய் எழுத உட்காரச் சொன்னால் நான் ஒருநாளும் மறுத்ததில்லை. எங்கள் விருதுநகர் பக்கம் அது பெரும்பாலும் ஆண்கள் வேலை. என் கையெழுத்து தெளிவாக இருக்கும், கணக்கு ஒரு ரூபாய் பிசகாது என்று பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அதிலிருந்து சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் மொய் நோட்டு என்னிடம் வந்துவிடும். முன்னால் ஒரு மேசை. ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். பெயர், ஊர், தொகை. எழுதி முடித்ததும் தாம்பூலப் பை, அடுத்த ஆள். யாரிடம் என்ன பேச வேண்டும் என்பது முன்பே முடிவாகி இருக்கும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நோட்டைப் பார்த்தால் போதும். பந்தியில் நின்று கவனிக்கவில்லை, மணமேடைக்கு வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். பொறுப்பான பெண் என்று பேரும் கிடைக்கும்.

விசேஷம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது அந்தச் சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். கேட்டால் பதில் சொல்ல வராது. சொல்ல விருப்பமில்லாமல் இல்லை, வார்த்தை வாய்க்கு வந்து சேராது. மறுநாளும் அப்படியே போகும். மாமியார் திருஷ்டி பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவார். டாக்டர்கள் ஒற்றைத் தலைவலி என்றார்கள், ரத்தசோகை என்றார்கள், ஒருவர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். ரத்தசோகை உண்மையிலேயே இருந்தது. அது சரியான பிறகும் இப்படிப் படுத்துவிடுவது மட்டும் மாறவில்லை.

எனக்கு ஆட்டிசம் இருப்பது 43 வயதில் உறுதியானது. மனிதர்களோடு பழகுவதும், சத்தம், தொடுதல் போன்றவற்றை உணர்வதும் பிறப்பிலிருந்தே வேறு மாதிரி இருப்பது அது. அதற்கப்புறம் நிறையப் படித்தேன். பெரும்பாலான கட்டுரைகள் அடையாளங்களைப் பட்டியல் போடுகின்றன. கண்ணைப் பார்க்க மாட்டார், நண்பர்கள் இருக்க மாட்டார்கள், மாற்றம் பிடிக்காது என்று. வெளியே தெரிவதை வைத்துத் தேடினால் என்னைப் போன்றவர்கள் அகப்பட மாட்டோம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. வெளியே ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு உள்ளே எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்த்தால்தான் அகப்படுவோம்.

எனக்கு இது தெரிய வந்ததே என் தம்பி மகனால்தான். பேச்சு வரத் தாமதமாகிறது என்று அவனை மதுரையில் காட்டினார்கள். அங்கே இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலை வைத்துக் கேள்வி கேட்டார்கள். செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கியது அது, 40 கேள்விகள். தம்பி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறானா, தனியாகவே விளையாடுகிறானா, சில சத்தங்களுக்குக் காதைப் பொத்திக்கொள்கிறானா என்று தம்பி ஒவ்வொன்றாகச் சொல்ல, அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு வியாதியாப்பா? அவன் அப்படியே அத்தை மாதிரி. அவளும் இப்படித்தான் இருந்தா. இப்ப நல்லா இல்லையா?" என்றார்.

பேரனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தவர், தன்னை அறியாமல் மகளைப் பற்றிச் சாட்சி சொன்னார். தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி அம்மாவைத் தனியாக உட்கார வைத்து, "நான் எப்படிம்மா இருந்தேன்?" என்று கேட்டேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சடை பின்ன உட்கார வைத்தால் தெருவே கூடுகிற மாதிரி அழுவேனாம். பட்டுப் பாவாடையின் ஜரிகை இடுப்பில் பட்டால் கழற்றிப் போட்டுவிட்டு ஜட்டியோடு நிற்பேனாம். தயிர்ச்சோறு, அதுவும் ஒரே கிண்ணத்தில். குழம்பு அதன் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் முடிந்தது. தெருப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டால் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேனாம், போக மாட்டேனாம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை மாதவாரியாக அடுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். பாட்டி அதை அடுப்பு பற்ற வைக்க எடுத்துவிட்டபோது எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அம்மா முடித்த விதம் முக்கியம்: "ஆனா ஒரு தொந்தரவும் கிடையாது. அம்புட்டுச் சமத்து. இருக்க இடம் தெரியாது."

ஒரு பையன் இருக்க இடம் தெரியாமல் இருந்தால் ஏன் இப்படி இருக்கிறான் என்று கேட்பார்கள். பெண் பிள்ளை அப்படி இருந்தால் பாராட்டுவார்கள். குனிந்த தலை நிமிராத பெண் என்பது எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்கிற நல்ல வார்த்தை. அந்த அளவுகோலின் முதல் கேள்வியே கண்ணோடு கண் பார்ப்பது பற்றியது. என் வயதுப் பெண்களை அந்தக் கேள்வியால் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கல்யாணம் ஆனபோது மாமியார் எல்லோரிடமும் "மருமகளுக்கு வாயே கிடையாது" என்று பெருமையாகச் சொல்வார்.

எங்கள் தலைமுறை இதில் தவறிப் போனதற்குக் காலமும் ஒரு காரணம். அமெரிக்காவில் லியோ கானர் 1943-ல் ஆட்டிசம் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியபோது அதில் இருந்தது 11 குழந்தைகள், அவர்களில் 8 பேர் பையன்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் அது சின்னப் பையன்களின் பிரச்சினை என்றே பார்க்கப்பட்டது. அந்த 11 பேரில் முதலாவது குழந்தையான டொனால்ட் டிரிப்ளெட் மிசிசிப்பியில் தன் சொந்த ஊரான ஃபாரஸ்டில் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், தனியாக வெளிநாடுகளெல்லாம் போய் வந்தார், 2023-ல் 89 வயதில் இறந்தார். முதன்முதலில் அடையாளம் காணப்பட்டவரே இப்படி வாழ்ந்து முடித்திருக்கும்போது, ஆட்டிசம் என்றால் கடைசிவரை குழந்தைதான் என்கிற எண்ணம் எப்படி நம்மிடம் இவ்வளவு ஆழமாக இறங்கியது என்று யோசிக்கிறேன்.

நம் நாட்டில் 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது என் ஆசிரியர்கள் யாருக்கும் இந்தப் பெயரே தெரிந்திருக்க நியாயமில்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-ல் வந்தது. புலன்கள் அதிகமாகவோ குறைவாகவோ உணர்வது அதில்தான் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இன்னொன்றும் அதில் இருக்கிறது. அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் தாங்க முடியாத அளவுக்குச் சமூகத் தேவைகள் கூடும்வரை முழுதாக வெளிப்படாமல் இருக்கலாம், பின்னாளில் கற்றுக்கொண்ட வழிகளால் மறைந்தும் இருக்கலாம் என்று அது சொல்கிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

கற்றுக்கொண்ட வழிகள் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

"சாப்டாச்சா?" என்று யாராவது கேட்டால் சின்ன வயதில் நான் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் என்று சொல்வேன், அல்லது ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். "ஆச்சு சித்தி, நீங்க சாப்டீங்களா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதை என் மாமா மகளைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் எல்லோருக்கும் பிடித்தவள். அவள் சிரிப்பதை, பேசும்போது எதிராளியின் கையைத் தொடுவதை, "அய்யோ, அப்புறம்?" என்று இழுப்பதை எல்லாம் பார்த்து வைத்துக்கொள்வேன். எதிரே இருப்பவரின் புருவத்துக்கு நடுவே பார்த்தால் கண்ணைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள் என்பதைக் கல்லூரியில் கண்டுபிடித்தேன். துக்க வீட்டுக்குப் போகும் முன் பஸ்ஸிலேயே இரண்டு வாக்கியம் தயார் செய்துகொள்வேன். போனில் பேசுவதற்கு முன் தாளில் எழுதி வைத்துக்கொள்வேன், கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதாக இருந்தாலும். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், அவர்களுக்கு இது சீக்கிரம் கைவந்துவிட்டது, நான் மந்தம், அவ்வளவுதான் என்று நாற்பது வயதுவரை நம்பியிருந்தேன். இதை அளக்கவே ஒரு வினாப்பட்டியல் இருக்கிறது, 25 கேள்விகள், பிரிட்டனில் லாரா ஹல் என்பவரும் அவர் குழுவினரும் உருவாக்கியது. ஆட்டிசத்தை மறைக்கும் பழக்கத்தை மட்டுமே கேட்கிற அந்தத் தாளில்தான் நான் முதன்முதலாக என்னைப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் எழுதிப் பார்த்தது பெரியவர்களிடம் ஆட்டிசத்தின் சாயல் எவ்வளவு என்று பார்க்கும் 50 கேள்விகள், கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹனின் குழு 2001-ல் வெளியிட்டது. 32 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்பார்கள். ஆட்டிசம் உறுதியானவர்களிலேயே ஐந்தில் ஒருவர் அந்த எண்ணைத் தொடவில்லை என்பது அதே ஆய்வில் உள்ள விஷயம். என் கஷ்டம் வேறு. விருந்துக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போவது பிடிக்குமா என்று ஒரு கேள்வி. எது பிடிக்கும் என்று தேர்ந்தெடுத்துப் போகிற வாழ்க்கை எனக்கு என்றைக்கு இருந்தது? அண்ணன் மகள் சடங்கு என்றால் போகத்தான் வேண்டும். அதனால் அந்தக் கேள்வியை நான் எனக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டேன். விசேஷ வீட்டில் நீ எங்கே இருப்பாய்? மொய் மேசையில், சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டு, மாடியில் தூங்குகிற யாருடைய குழந்தைக்கோ காவலாக. பிறகு எத்தனை நாள் படுப்பாய்?

வேலையிடம் பற்றியும் சொல்கிறேன், அங்கே இதே மனம் நன்றாக ஓடுகிறது. சிவகாசியில் காலண்டர் அச்சாகும் இடத்தில் பிழை திருத்துகிறேன். ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவரும், அதற்கு முன்பே அடுத்த வருடத்துத் தினசரித் தாள்கள் மேசைக்கு வந்துவிடும். ஒவ்வொரு தாளிலும் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம். ஒரு வியாழக்கிழமைத் தாளில் ராகு காலம் 12.00 – 1.30 என்று விழுந்திருந்தால், அது புதனுடையது, வியாழனுக்கு 1.30 – 3.00 என்று யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. தாளை எடுத்ததுமே அந்த மூலை சரியில்லை என்று கண் அங்கே போய் நின்றுவிடும். யோசனை பிறகுதான் வரும். ஒரே அறையில் இருக்கும் மற்றவர்கள் மதியத்துக்கு மேல் கண் எரிகிறது என்பார்கள். எனக்கு அப்போதுதான் உடம்பு தளர்ந்து இதமாக இருக்கும். அதே அறையில் டியூப்லைட் சோக் இரைய ஆரம்பித்தால் ஒரு வரி ஓடாது. அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கேட்பதற்கான வாக்கியத்தை அமைக்க முடியவில்லை.

கூச்ச சுபாவத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், கூச்சமோ பதற்றமோ மனிதர்கள் போனதும் இறங்கிவிடும். தனியாக வீட்டில் இருக்கும்போதும் மிக்ஸி சத்தத்துக்கு நெஞ்சு பதறுவது, புது சோப்பின் வாசம் மாறியதால் குளிக்க முடியாமல் போவது, பசி பசியாகத் தெரியாமல் தலைவலியாகத் தெரிவது, இதற்கெல்லாம் பார்க்க ஆள் தேவையில்லை. அப்புறம் சிறுவயது. முப்பது வயதில் ஒரு கஷ்டத்துக்குப் பிறகு மனிதர்களைத் தவிர்க்கத் தொடங்கியிருந்தால் அது வேறு விஷயமாக இருக்கலாம், அதற்கும் உதவி உண்டு. இணையத்தில் கிடைக்கும் தாளை நிரப்பி எண்ணைக் கூட்டிப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

நான் முதலில் பார்த்த மருத்துவர் "வேலைக்குப் போறீங்க, குடும்பம் நடத்துறீங்க, உங்களுக்கு எப்படி அது இருக்கும்?" என்று அனுப்பிவிட்டார். பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போனேன். அவர் அவசரப்படவில்லை. பல அமர்வுகள். சமூகப் பதற்றமா, எண்ணச் சுழற்சி நோயா (ஓசிடி), கவனம் நிலைக்காத ஏடிஎச்டியா, மனதில் பட்ட பழைய காயமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்கினார். ஏடிஎச்டியும் ஆட்டிசமும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம் என்பதும் 2013-க்குப் பிறகுதான் கையேட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றார். அம்மாவையும் வரச் சொன்னார். அம்மா அந்த அறையில் உட்கார்ந்து பட்டுப் பாவாடைக் கதையை மறுபடி முழுதாகச் சொன்னார், சொல்லிவிட்டு "நான் ஏதாவது சரியாப் பாக்காம விட்டுட்டேனா?" என்று அவரிடம் கேட்டார். வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிறப்பிலேயே வருவது என்று அவர் நிதானமாக விளக்கினார். ஒரு காலத்தில் தாய்மார்களின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று படித்தவர்களே நம்பி, எத்தனையோ அம்மாக்களை நோகடித்தார்கள். 1977-ல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு மரபுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று காட்டியது. அந்தப் பேச்சு மெல்ல மெல்லத்தான் அடங்கியது.

என் கணவர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். எங்களுக்குள் வந்த சண்டைகளில் பாதி என் மௌனத்தால் வந்தவை. நான் பேசாமல் இருந்தால் "கோவமா?" என்பார். "இல்ல" என்பேன். அந்த "இல்ல"வில் குரல் ஏறி இறங்காது, அதனால் அவருக்கு அது கோபமாகவே கேட்கும். எனக்கு அவர் ஏன் முகம் வாடிப் போகிறார் என்று புரியாது. பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. புரியாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் இருக்கிறது என்று. 2020-ல் கேத்தரின் கிராம்ப்டன் குழு ஒரு சோதனை செய்து காட்டியது. ஒரு கதையை ஒருவர் காதில் சொல்லி, அவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று கடத்த வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசை அளவுக்கே தாங்கியது. இரண்டு வகையினரும் கலந்து நின்ற வரிசையில்தான் அதிகமாகச் சிதைந்தது. இப்போது என் கணவர் "கோவமா?" என்று கேட்பதில்லை. "பேசணுமா, சும்மா இருக்கணுமா?" என்கிறார். சும்மா இருக்கணும் என்றால் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன மாற்றம். என் வீட்டில் நான் முதல்முறையாக ஓய்வாக இருக்கிறேன்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கப் போகிறாயா என்று தம்பி கேட்டான். சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் பாதிப்பு என்ற வரம்பு இருக்கிறது. எனக்கு இப்போதைக்கு அது தேவைப்படவில்லை, தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் விண்ணப்பிக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். நான் கேட்டு வாங்கியது மூன்று விஷயம். அலுவலகத்தில் சன்னல் ஓரமாக வேறு விளக்கு. விசேஷங்களுக்கு முகூர்த்தத்தோடு கிளம்பிவிடும் அனுமதி, அதை மாமியாரிடம் நானே வாய்விட்டுச் சொன்னேன். காதில் வைக்கும் நுரை அடைப்பான், மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கிறது, கெட்டிமேளத்துக்கு முன்னால் வைத்துக்கொள்கிறேன், முடி மறைவில் யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தாலும் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.

உங்களுக்கும் இப்படி ஒரு சந்தேகம் இருந்தால் ஒரு வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் சிறுவயதைப் பார்த்தவர்கள் நினைவோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அம்மா, அத்தை, அக்கா, பழைய பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும். "எனக்கு ஆட்டிசம் இருக்குமா?" என்று கேட்காதீர்கள், உடனே இல்லை என்பார்கள். எதற்கு அழுவேன், எதைச் சாப்பிட மாட்டேன், யாரோடு விளையாடுவேன், எதைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று கேளுங்கள். மதிப்பீடு செய்கிறவருக்கு அந்தத் தாள் மிகவும் முக்கியம். என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சில விஷயங்களில் வருடம் மாறிப் போகிறது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் என் கேள்விக்கு நடுவில் அவராகவே சொன்னார், அப்பாவும் எந்தக் கல்யாணத்திலும் உட்கார்ந்து பேசியதில்லையாம், போனதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி பரிமாறப் போய்விடுவாராம். அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.